700 ரூபாயில் மருந்துத் தொழிற்சாலை!

ஆயுள் முழுவதும் நோயுடன் வாழ்ந்த விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய்

மாதம் 800 ரூபாய் சம்பளம். ஒரு தங்க சவரன் 15 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை!

அந்தச் சம்பளத்தை வாங்கியவர் தமக்கென்று வைத்துக் கொண்டது 40 ரூபாய்தான். மீதி 760 ரூபாயையும் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்து விட்டார். அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. கல்யாணமே செய்து கொள்ளவில்லை.

1902-ம் ஆண்டில் காந்திஜி கல்கத்தாவில் கோகலேயின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரான இந்த மனிதரை கோகலே இப்படிச் சொல்லித்தான் காந்திஜிக்கு அறிமுகப்படுத்தினார்.

யார் அவர்?

அவர்தான் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். உலகம் மதித்த ரசாயன விஞ்ஞானி. நம் நாட்டிலேயே மருந்து செய்து, நம் மக்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுக்க முடியும் என்று காட்டியவர். அப்படிக் காட்டியவரே ஒரு நீண்ட நாள் நோயாளி. பத்து வயதுக்கு மேல் பிடித்த வயிற்றுக் கோளாறு எண்பது வயது தாண்டியும் அவரை விடவில்லை.

மாதம் பிறந்தால் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வேண்டுமே என்று கவலைப்படும் குடும்பங்கள் இன்று எத்தனையோ. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரிலும் அந்தக் கவலை உண்டு, பட்டணத்திலும் உண்டு. அந்தக் குடும்பங்கள் இவருடைய கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

படிப்பை நிறுத்திய நோய்

1861-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ராய் பிறந்தார். ஊர் ராருலி. அன்று வங்காளத்தில் இருந்த அந்தக் கிராமம் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தை ஹரிஷ் சந்திரர் நிலபுலன் உள்ளவர். வீட்டிலேயே ஒரு நல்ல புத்தக சாலை வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக 1870-ல் குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்.

சிறுவன் ராய் பள்ளியில் நன்றாகப் படித்தான். ஆனால் 1874-ல் கடுமையான சீதபேதி கண்டது. உடம்பு உருகிப் போயிற்று. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. பையனைக் கிராமத்துக்கே திரும்ப அழைத்துப் போனார்கள்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் பள்ளி இல்லை. சும்மா இருந்தானா? இல்லை. தந்தையின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகளும், பல நாட்டுச் சரித்திரமும் அப்போது படித்தவைதான்.

சீதபேதி போயிற்று. ஆனால் அது விட்டுச் சென்ற அஜீரணமும் தூக்கமின்மையும் போகவே இல்லை. நோயோடு எப்படி வாழ்வது என்பதை அந்தச் சின்ன வயதிலேயே ராய் கற்றுக் கொள்ள வேண்டி வந்தது.

கடல் கடந்து படிப்பு

கல்லூரியில் சேர்ந்தபோது ரசாயனப் பாடம் ராயின் மனத்தைக் கவர்ந்தது. கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் என்று ஒரு பரிசு இருந்தது. இந்தியா முழுவதிலும் மிகச் சிலருக்கே அது கிடைக்கும். பெரிய பரீட்சை எழுத வேண்டும். யாரிடமும் அதிகம் சொல்லாமல் ராய் எழுதினார். வெற்றியும் பெற்றார்.

1882-ல் கப்பல் ஏறி ஸ்காத்லாந்து போனார். எடின்பரோ சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தார். 1887-ல் விஞ்ஞான டாக்டர் பட்டம் கிடைத்தது. 1888-ல் தாய்நாடு திரும்பினார்.

இவ்வளவு படித்தவருக்கு வேலை தயாராகக் காத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. கல்வி இலாகாவின் உயர்ந்த பதவிகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கே போய்க் கொண்டிருந்தன. கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலையில்லாமல் இருந்தார். அப்போது அவருக்கு இடம் கொடுத்தவர் இன்னொரு பெரிய விஞ்ஞானியான ஜகதீச சந்திர போஸ்.

1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிக வேலை. சம்பளம் 250 ரூபாய்.

நெய்யைச் சோதித்தவர்

கல்லூரியில் சேர்ந்ததும் ராய் எதை ஆராய்ந்தார் தெரியுமா? கடைகளில் விற்கும் நெய்யையும் கடுகெண்ணெயையும்தான். அவற்றில் கலப்படம் எவ்வளவு என்று ரசாயன முறையில் சோதித்தார். சாதாரண மக்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள் சுத்தமாக இருக்கிறதா என்பதே அவருடைய முதல் கேள்வி. அந்தக் கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை.

அடுத்து அவர் கண் மருந்துக் கடைகளின் மேல் விழுந்தது. அலமாரி முழுவதும் சீமை மருந்து! மூலிகையும் மூலப் பொருளும் நம் நாட்டில் கிடைத்தன. மருந்தோ கப்பலில் வந்தது. கப்பல் கூலி, வியாபாரிகளின் லாபம் எல்லாம் நோயாளியின் தலையில் விழுந்தன.

இதை மாற்ற வேண்டும் என்று ராய் முடிவு செய்தார்.

1892-ம் ஆண்டு. கல்கத்தாவில் அப்பர் சர்க்குலர் ரோடில் அவர் குடியிருந்த 91-ம் நம்பர் வாடகை வீட்டிலேயே மருந்து செய்யும் வேலை தொடங்கியது. முதல் 700 ரூபாய். அதற்குப் பெங்கால் கெமிக்கல் என்று பெயர் வைத்தார்.

பகலில் கல்லூரியில் பாடம் நடத்துவார். மாலையில் வீடு திரும்பியதும் மருந்து வேலை. கணக்கு எழுதுவதும் அவரே. புட்டிகளில் அடைத்த மருந்தைச் சரி பார்ப்பதும் அவரே.

மொட்டைமாடியில் எலும்பு!

மருந்துக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பை மாட்டெலும்பிலிருந்து எடுக்கலாம் என்பது ரசாயன உண்மை. சீமையிலிருந்து வாங்காமல் இங்கேயே அதைச் செய்ய ராய் முனைந்தார். மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டைமாடியில் காயப் போட்டார்.

வந்தது வினை! மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. நாற்றம் தெருவைத் தூக்கியது. காக்கைகள் கூட்டமாக வந்தன. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்து விட்டார்கள்.

ராய் எலும்பையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டு போய் எரித்தார். இரவில் தீ எரிவதைப் பார்த்துப் போலீசுக்குச் சந்தேகம். யாரையோ கொன்று எரிக்கிறார்களோ என்று விசாரிக்க வந்து விட்டார்கள்! மாட்டெலும்புதான் என்று தெரிந்த பிறகே போனார்கள்.

இத்தனை தொல்லைக்குப் பிறகு பாஸ்பேட் கிடைத்தது. சுத்தமான சரக்கு.

வாங்க ஆள் இல்லை

சரக்கு தயார். ஆனால் வாங்குவார் யார்?

கடைக்காரர்கள் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். உள்ளூர்ச் சரக்கு என்றதும் திருப்பிக் கொடுத்தார்கள். சீமைப் பெயர் இருந்தால்தான் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். விலை குறைவு என்பதே சந்தேகத்துக்குக் காரணமாகி விட்டது. மலிவாக இருக்கிறதே, மட்டமாக இருக்குமோ என்ற எண்ணம்.

ராய் மனம் தளரவில்லை. சீமை மருந்துக்கு எந்த அளவு, எந்தச் சுத்தம் என்று பிரிட்டிஷ் மருந்து நூலில் விதிக்கப்பட்டிருந்ததோ, அதே அளவில் தம் மருந்தையும் செய்தார். அமூல்ய சரண் போஸ் என்ற டாக்டர் நண்பர் அவருக்குத் தோள் கொடுத்தார். தம்மிடம் வரும் நோயாளிகளுக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்தார். குணம் தெரிந்தது. மற்ற டாக்டர்களிடமும் அவரே போய்ப் பேசினார். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கியதும் கடைக்காரர்கள் தாமாகவே சரக்குக் கேட்டு வந்தார்கள்.

நாட்டு மூலிகைகளையும் ராய் விடவில்லை. ஆடாதோடையிலிருந்து இருமலுக்கு மருந்து, நிலவேம்பிலிருந்து சாறு, ஓமத்திலிருந்து வயிற்றுக்கு ஓமத் தீநீர். நம் பாட்டிமார் அறிந்த அதே இலையும் விதையும்தான். ஆனால் கைக்கு வந்தபடி கிள்ளிப் போடவில்லை. இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு சத்து என்று அளந்து, சோதித்து, புட்டியில் அடைத்தார்.

பிறகு பெரிய இடிகள் விழுந்தன. பிளேக் நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை செய்யப் போன டாக்டர் அமூல்ய சரண் போஸ், அந்த நோய் தம்மையும் தொற்றி 1898-ல் இறந்தார். சதீஷ் சந்திர சின்ஹா என்ற இன்னொரு துணைவர் ஆராய்ச்சிக் கூடத்தில் கொடிய விஷ அமிலத்தால் தற்செயலாக உயிரிழந்தார். ராய் தனியாக நின்றார். ஆனாலும் கடையை மூடவில்லை.

1901-ல் அது லிமிடெட் கம்பெனி ஆயிற்று. 1905-ல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. அந்த வருஷம்தான் வங்காளத்தில் சுதேசி இயக்கம் பரவியது. வீட்டில் தொடங்கிய வேலை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் தொழிலாக வளர்ந்தது. ராய் காலமாகி வெகு நாள் கழித்து, 1980-ல், மத்திய அரசு அந்தக் கம்பெனியைத் தேசிய உடைமை ஆக்கியது.

கீழ்பென்னாத்தூருக்கு என்ன சம்பந்தம்?

கல்கத்தாவில் எப்போதோ நடந்த கதை, நெல்லும் மணிலாவும் விளையும் கீழ்பென்னாத்தூருக்கு எதற்கு என்று கேட்கலாம்.

அன்று கடைக்காரர்கள் ராயின் புட்டியைப் பார்த்துப் பட்ட சந்தேகம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. விலை குறைந்த மாத்திரை வேலை செய்யாது என்று எத்தனையோ பேர் நினைக்கிறார்கள். அதிக விலை மாத்திரையை வாங்கவும் முடிவதில்லை. கடைசியில் என்ன செய்கிறார்கள்? அறுவடைப் பணம் வந்த மாதம் மாத்திரை. கை வறண்ட மாதம் மாத்திரை இல்லை!

இது மிகவும் ஆபத்து. ரத்தக் கொதிப்பு வலிக்காது. சர்க்கரை ஏறுவதும் பல நாள் வெளியே தெரியாது. மாத்திரையை நிறுத்தியவருக்கு நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். பிறகு ஒரு நாள் பக்கவாதம், அல்லது சிறுநீரகக் கோளாறு, அல்லது கண் பார்வைக் குறைவு. அப்போது ஆகும் செலவு, நிறுத்தி மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதோடு மருந்தின் சொந்தப் பெயரும் இருக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மின், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் என்பவை அப்படிப்பட்ட பெயர்கள். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில், பல விலையில் விற்கின்றன. மருந்தின் சொந்தப் பெயரில் விற்பதைத்தான் ஜெனரிக் மருந்து என்கிறார்கள்.

இந்தியாவில் இது பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1970-ல் நிறைவேறிய காப்புரிமைச் சட்டம் 1972-ல் அமலுக்கு வந்தது. ஒரு கம்பெனி கண்ட மருந்தை வேறு முறையில் தயாரிக்க மற்றக் கம்பெனிகளுக்கு அது வழி விட்டது. 2005-ல் அந்த வழி குறுகியது. ஆனாலும் காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்துகளை, லைசென்சு பெற்ற எந்தக் கம்பெனியும் செய்யலாம். மேலே சொன்ன இரண்டும் அப்படிப்பட்டவையே.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தினம் 3 மாத்திரை. ஒவ்வொன்றிலும் 2 ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 180 ரூபாய். வருஷத்துக்கு 2,160 ரூபாய். பிள்ளைகளின் நோட்டுக்கும் பேனாவுக்கும் ஆகும் அல்லவா?

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய இடம் சர்க்கார் ஆஸ்பத்திரி. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மாநிலம் முழுவதும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக, பெரும்பாலும் அதன் சொந்தப் பெயரிலேயே, டெண்டர் விட்டு வாங்குகிறது. சோதித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கத் தொடங்கினார்கள். காசு கொடுத்து வாங்குவோருக்காக 2008-ல் மத்திய அரசு மக்கள் மருந்தகங்களைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

சில எச்சரிக்கைகள்:

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்றக் கூடாது. முக்கியமாக வலிப்பு, தைராய்டு, இருதய நோய் உள்ளவர்கள் ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கலாம். இன்சுலினிலும் பல வகை உண்டு. மருந்தின் பெயரோடு அதன் அளவையும் சரி பாருங்கள். லைசென்சு உள்ள கடையில் பில் கேட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியைப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று விழுங்காதீர்கள். செலவு கட்டவில்லை என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். சொன்னால்தான் அவர் விலை குறைந்ததாக எழுதிக் கொடுக்க முடியும்.

82 வயது வரை

இனி ராயின் கடைசிக் காலத்தைப் பார்ப்போம்.

1916-ல் பிரசிடென்சி கல்லூரியை விட்டு, கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அந்தக் கல்லூரிக் கட்டிடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். மேக்நாத் சாஹா, சத்யேந்திர நாத் போஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகள் அவரிடம் படித்தவர்கள். பழங்கால இந்தியாவின் ரசாயன அறிவைப்பற்றி இரண்டு பாகங்களில் சரித்திரம் எழுதினார். 1919-ல் சர் பட்டம் வந்தது. உடுத்தியதோ எளிய உடை.

1921-ல் அவருக்கு 60 வயது ஆயிற்று. அன்று முதல் சர்வகலாசாலை தமக்குக் கொடுத்த சம்பளம் முழுவதையும் ஆராய்ச்சிக்கே திருப்பிக் கொடுத்து விட்டார். 1922-ல் வட வங்காளத்தில் பெரு வெள்ளம் வந்தபோது, அந்த வயதிலும் நிவாரண வேலைக்குத் தலைமை ஏற்றார்.

இவ்வளவு வேலையும் செய்தது நோய் பிடித்த உடம்பு! எப்படி முடிந்தது?

ராய் தம் நோயை மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு. நேரம் தவறாத பழக்கம். மாலையானால் கல்கத்தா மைதானத்தில் உலாவுவார். இன்று ஒரு நாள் போகட்டும் என்று அவர் விட்டதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும்கூட இந்த உணவுக் கட்டுப்பாடும் நடையும் மாத்திரைக்குத் துணை. ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

1944-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, தாம் குடியிருந்த அந்தக் கல்லூரி அறையிலேயே ராய் காலமானார். அப்போது அவருக்கு 82 வயது.

தமக்காக அவர் சொத்துச் சேர்க்கவில்லை. ஆனால் மருந்தின் மதிப்பு அதன் பெயரிலும் விலையிலும் இல்லை, உள்ளே இருக்கும் சரக்கிலும் அதன் சுத்தத்திலும்தான் இருக்கிறது என்று நிரூபித்து விட்டுப் போனார். அடுத்த தடவை மாத்திரை வாங்கும்போது அட்டையில் மருந்தின் சொந்தப் பெயரைப் படியுங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நாளும் மாத்திரையை விட்டு விடாதீர்கள்.